பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு போட்டோ ஃபிரேம் கடை

பெரியப்பாவின் 16ஆம் நாள் காரியத்திற்கு வைக்க, ஒரு கல்யாண குரூப் போட்டோவைத் தவிர வேறு படமே இல்லாத நிலையில், எம்.சி. ரோட்டை ஒட்டிய சந்திலுள்ள இந்தக் கடையை நாடினோம். முகத்தை வெளுப்பாக்கிப் பின்னால் நீலவானம் போடும் வழக்கமான வேலையைச் செய்யாமல், நெற்றித் தழும்பையும் காசிமேட்டு வெயிலில் கறுத்த நிறத்தையும் அப்படியே விட்டுவைத்தார்கள். பெரியம்மாவுக்கு அதுவே பெரிய ஆறுதலாக இருந்தது. தோற்றம், மறைவு தேதிகளை அச்சிடுமுன் எழுதிக் காட்டச் சொல்லிச் சரிபார்த்ததும் பாராட்டத்தக்கது. கொக்கிதான் மோசம், ரோஜா மாலையின் கனத்தைத் தாங்காமல் படம் ஒருபக்கமாகச் சாய்ந்தது. விலை நியாயமானதே. நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்குப் படம் போட நினைக்கும் ராயபுரத்துக் குடும்பங்கள் முன்கூட்டியே கொடுத்துவிடுவது நல்லது. பெரிய கொக்கியைக் கேட்டு வாங்கவும்.