லிப்ரோசா ரிவ்யூ: நல்ல லைப்ரரி, ஆனா டீஃபால்ட்டை அப்படியே விடாதீங்க

ஆடியோலேர்ந்து ஃபீச்சர் (சத்தத்தோட குணத்தைச் சொல்ற எண்கள்) எடுக்கணும்னு யார்கிட்ட கேட்டாலும் மொதல்ல லிப்ரோசா பேருதான் வரும், பைத்தான்ல இலவசம், பிப் இன்ஸ்டால் அடிச்சா வந்துடும், ஃபைலை லோடு பண்ண ஒரு வரி, எம்எஃப்சிசி (சத்தத்தோட தொனியைச் சுருக்கிச் சொல்ற ஒரு ஃபீச்சர்) எடுக்க இன்னொரு வரி. எனக்கு ரொம்பப் பிடிச்சது இதோட டாக்குமென்டேஷன். முக்கியமான ஃபங்ஷனுக்கெல்லாம் அப்படியே ஓட்டிப் பாக்கற மாதிரி உதாரணம், கிராஃப், எந்தக் கட்டுரைலேர்ந்து எடுத்த முறைங்கறது வரைக்கும் போட்டு வச்சிருக்காங்க. சிக்னல் ப்ராசஸிங் படிக்காதவங்க கூட அதை வச்சே கத்துக்கலாம்.

ஆனா டீஃபால்ட்ல கவனம் வேணும். நீங்க எதுவும் சொல்லலன்னா லோடு பண்ணும்போதே சாம்பிள் ரேட்டை (செகண்டுக்கு எத்தனை சாம்பிள்ங்கறதை) 22050 ஹெர்ட்ஸுக்கு மாத்திடும், ஸ்டீரியோவை மோனோ ஆக்கிடும், எர்ரர் எதுவும் வராது. ஒரிஜினல் ரேட் வேணும்னா எஸ்ஆர் (sr) ஆப்ஷனுக்கு None-னு குடுக்கணும். விண்டோ, அதாவது ஒரு தடவைல அலசற துண்டு, 2048 சாம்பிள், அந்த ரேட்ல அது 93 மில்லிசெகண்ட், பாட்டுக்கு ஓகே, பேச்சுக்கு ரொம்ப நீளம், ட, ப மாதிரி சட்டுனு வெடிக்கற சத்தமெல்லாம் அதுக்குள்ள கரைஞ்சிடும். பேச்சுக்கு 512 வைங்கன்னு அவங்க டாக்குமென்ட்லயே இருக்கு.

கர்நாடக சங்கீதம்னா கதையே வேற. குரோமாங்கற ஃபீச்சர் (எந்த ஸ்வரம் எவ்வளவு இருக்குன்னு காட்டறது) ஒரு ஸ்தாயியை 12 பெட்டியா பிரிக்கும், தோடி ராகத்து காந்தாரம் அதுல எங்க உக்காரும்? அசைஞ்சுக்கிட்டே இருக்கற ஸ்வரம், பக்கத்துப் பெட்டிலயும் சிதறிக் கெடக்கும். ராகம் கண்டுபிடிக்க குரோமாவை மட்டும் நம்பாதீங்க. தனிக் குரலா இருந்தா பி-யின் (pYIN, ஸ்ருதி எங்க போகுதுன்னு தொடர்ந்து கண்டுபிடிக்கற ஃபங்ஷன்) போட்டுப் பாருங்க, கமகம் வளைஞ்சு வளைஞ்சு போறது கோட்டுல அழகா தெரியும், மெதுவாத்தான் ஓடும், எஃப்மின் எஃப்மேக்ஸ் (தேட வேண்டிய கீழ், மேல் அதிர்வெண் எல்லை) ரெண்டும் பாடறவங்க ஸ்ருதிக்கு ஏத்த மாதிரி நீங்கதான் குடுக்கணும், குரல் இல்லாத இடத்துல நேன் (NaN, மதிப்பு இல்லைங்கற குறி) வரும் அதை பூஜ்யமா மாத்திடாதீங்க, சராசரி எல்லாம் கெட்டுப் போயிடும்.

வயலின், தம்புரா, மிருதங்கம்னு எல்லாம் சேந்த கச்சேரி ரெக்கார்டிங்னா பி-யின் தடுமாறும். அதுக்கு பார்சிலோனா பாம்பேயு ஃபாப்ரா பல்கலைக்கழகத்துக்காரங்களோட எசென்ஷியாங்கற லைப்ரரி பெட்டர், கூட்டுச் சத்தத்துலேர்ந்து முக்கிய மெலடியை எடுக்கற மெலோடியாவும் இருக்கு, நம்ம இசைக்குன்னே ஆதார ஸட்ஜம் கண்டுபிடிக்கற அல்காரிதமும் வச்சிருக்காங்க. லைசென்ஸ் மட்டும் பாத்துக்கோங்க, எசென்ஷியா ஏஜிபிஎல் (உங்க கோடையும் திறந்து குடுக்க வேண்டி வரலாம்ங்கற லைசென்ஸ்), கம்பெனி ப்ராடக்ட்ல சேக்கறதுக்கு முன்னாடி கேட்டுக்கணும், லிப்ரோசா ஐஎஸ்சி-ங்கற தாராளமான லைசென்ஸ்ங்கறதால அந்தத் தொல்லை இல்ல.