சரிவில் நிற்காத காரும் கோவைப் பட்டறையும்

ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து வால்பாறை சென்றிருந்தபோது, சரிவான ஓரிடத்தில் எங்கள் ஆட்டோமேட்டிக் காரை ‘பி’ (பார்க்கிங்) நிலையில் நிறுத்திவிட்டு பிரேக்கிலிருந்து காலை எடுத்ததும், கடகடவென்ற ஓசையுடன் வண்டி பின்னோக்கி உருளத் தொடங்கியது. கைபிரேக்கை இழுத்த பிறகே நின்றது.

பொள்ளாச்சியில் நாங்கள் வழக்கமாக விடும் சர்வீஸ் மையத்தில், சமதரையில் நிறுத்திப் பார்த்துவிட்டு, “கோளாறு ஒண்ணும் இல்லைங்க” என்று அனுப்பிவிட்டார்கள். சரிவில் தெரியும் குறையைச் சமதரையில் தேடினால் எப்படிக் கிடைக்கும்?

கோவையில் கியர்பாக்ஸ் வேலை மட்டுமே பார்க்கும் சிறிய பட்டறையின் மெக்கானிக், முதல் வேலையாக வண்டியை ஒரு மேட்டில் ஏற்றி நிறுத்திப் பார்த்தார். ‘பி’ நிலை சக்கரங்களை நேரடியாகப் பூட்டுவதில்லை என்றும், கியர்பாக்ஸுக்குள் உள்ள பல்சக்கரத்தின் பள்ளத்தில் ஒரு சிறு இரும்பு நாக்கு விழுந்து பிடிப்பதே அதன் வேலை என்றும், கியர் லீவரை கியர்பாக்ஸுடன் இணைக்கும் கேபிள் தளர்ந்தால் லீவர் ‘பி’யில் இருந்தாலும் நாக்கு முழுவதும் இறங்காது என்றும் பொறுமையாக விளக்கினார். எங்கள் வண்டியில் கேபிள் முனையில் உள்ள ‘புஷ்’ என்னும் சிறு வளையம் தேய்ந்திருந்தது. பழையதைக் கையில் கொடுத்துவிட்டுப் புதியதைப் பொருத்தி, கேபிளைச் சரிசெய்து, அதே மேட்டில் மீண்டும் நிறுத்திக் காட்டினார். நாக்கின் மேல் பாரம் விழாதிருக்க, பிரேக்கை மிதித்தபடியே கைபிரேக்கை இழுத்து, பிறகு ‘பி’க்கு மாற்றச் சொன்னார்.

உட்கார நிழல்கூட இல்லாமல் மூன்று மணி நேரம் காத்திருந்ததும், கேட்ட பிறகே ரசீது எழுதியதும் குறைகள்தாம். ஆயினும் அடுத்த முறையும் அங்கேதான் விடுவேன்.