மைட்டோகாண்ட்ரியாவை மணிக்கணக்கில் பார்க்க எந்தச் சாயம்?

உயிருள்ள செல்லில் மைட்டோகாண்ட்ரியாவைக் காட்டப் பெரும்பாலும் ரோடமின் 123 அல்லது மைட்டோட்ராக்கர் ரெட்டைத்தான் எடுப்பார்கள். மூன்றாவதாக ஒன்று உண்டு: திரண்டால் ஒளிரும் பண்பு (சுருக்கமாக ஏ.ஐ.இ.) கொண்ட நேர்மின் சாயங்கள். ஒரே செல்லை மணிக்கணக்கில் தொடர்ந்து படம் எடுக்கும் வேலைக்கு என் தேர்வு இந்த மூன்றாவதுதான். அதிலும் டெட்ராஃபினைல்எத்தீனோடு பிரிடினியம் சேர்ந்த உப்பு, டி.பி.இ.-பிரிடினியம்.

மற்ற இரண்டையும் சீக்கிரம் சொல்லிவிடலாம். ரோடமின் 123 எளிது, பச்சையில் ஒளிரும், ஆனால் சவ்வின் மின்னழுத்தம் விழுந்தால் வெளியே கசிந்துவிடும். மைட்டோட்ராக்கர் ரெட்டில் (சி.எம்.எக்ஸ்.ரோஸ் வகை) உள்ள குளோரோமெத்தில் குழு புரதங்களின் தையால் என்ற கந்தகக் குழுவோடு பிணைந்துகொள்வதால், ஃபார்மால்டிஹைடில் பதப்படுத்திய பிறகும் சாயம் நிற்கும். 50 மைக்ரோகிராம் குப்பியில் 94 மைக்ரோலிட்டர் டி.எம்.எஸ்.ஓ. என்ற கரைப்பானை விட்டால் 1 மில்லிமோலார் கரைசல் தயார். பதப்படுத்தி ஒரே ஒரு படம் எடுப்பது மட்டும் வேலை என்றால் அதையே வாங்குங்கள்.

நீண்ட நேரப் பார்வைக்கு வந்தால் எல்லாம் ஒரு கணக்கில் முடிகிறது. மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வில் ஏறக்குறைய 180 மில்லிவோல்ட் நிற்கிறது, உட்பக்கம் எதிர்மின். 37 டிகிரியில் ஒவ்வொரு 61 மில்லிவோல்ட்டும் ஒற்றை நேர்மின் அயனியைப் பத்து மடங்கு உள்ளே குவிக்கும். ஆக மொத்தம் ஏறக்குறைய ஆயிரம் மடங்கு. வழக்கமான தட்டையான சாயத்துக்கு இந்த நெரிசல் ஆகாது. மூலக்கூறுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து ஒளி அணையும். அதனால்தான் நானோமோலார் அளவிலேயே போடுகிறோம். உள்ளே போவது கொஞ்சம் மூலக்கூறுகள், அவையும் லேசரில் வெளுத்தால் படம் முடிந்தது. ஏ.ஐ.இ. இதற்கு நேர்மாறு. கரைசலில் ஃபினைல் வளையங்கள் சுழன்று ஆற்றலை வீணாக்கும். நெருக்கிப் பிடித்தால் சுழற்சி நின்று ஒளி வரும். 2001இல் ஹாங்காங்கில் பென் ஜோங் டாங் குழு சைலோல் மூலக்கூறில் கண்டு பெயரிட்டது இந்தப் பண்பைத்தான். ஆகவே 5 மைக்ரோமோலார் தாராளமாகப் போடலாம். சில மூலக்கூறுகள் வெளுத்தாலும் ஒளிர்வதற்கு நிறைய மிச்சம் இருக்கும்.

ஏ.ஐ.இ. வகையிலேயே டி.பி.இ.யில் டிரைஃபினைல்பாஸ்போனியம் என்ற நேர்மின் குழு இரண்டு மாட்டிய சாயமும் உண்டு, 2013இல் வந்தது. அதுவும் வெளுப்பைத் தாங்கும். ஆனால் புறஊதாவில் தூண்டி நீலத்தில் ஒளிர்வதால், நியூக்ளியஸை நீலமாகக் காட்டும் ஹோக்ஸ்டு சாயத்துடன் மோதும். பிரிடினியம் உப்பை 405 நானோமீட்டர் லேசரால் தூண்டி, 550 நானோமீட்டருக்கு மேல் சேகரிக்கலாம். நியூக்ளியஸின் நீலம் தனியே நிற்கும்.

தயாரிப்பில் கவனம் எதிர் அயனியில், அதாவது நேர்மின் சாயத்தோடு சேர்ந்து உப்பாகும் எதிர்மின் அயனியில், இருக்கட்டும். பிரிடினியத்தை அயோடைடாக விட்டால், திண்மத்தில் அது நேர்மின் பகுதியோடு ஒட்டிக்கொண்டு ஒளியைத் தணிக்கும். அதை மாற்ற, உப்பை அசிட்டோனில் கரைத்து, பொட்டாசியம் ஹெக்சாஃபுளோரோபாஸ்பேட்டின் செறிந்த நீர்க்கரைசலை விட்டுக் கலக்கி, வீழ்படிவை வடிகட்டி நீரில் கழுவ வேண்டும். கழுவிய நீரில் நைட்ரிக் அமிலமும் இரண்டு சொட்டு சில்வர் நைட்ரேட்டும் விட்டுப் பாருங்கள். மஞ்சள் கலங்கல் தெரியும்வரை அயோடைடு இன்னும் இருக்கிறது. மாற்றிய உப்பு 5.96 மில்லிகிராம், 1 மில்லிலிட்டர் டி.எம்.எஸ்.ஓ.வில் 10 மில்லிமோலார்.

பெரும்பாலான தோல்வி சாயத்தைச் செல்லில் விடும்போதுதான். டி.எம்.எஸ்.ஓ. கரைசலை நேராகச் செல்மேல் சொட்டினால் சாயம் அங்கேயே கட்டியாகும். செல்களுக்கு இடையில் ஊசிமுனைப் புள்ளிகள் பளீரென்று எரியும், அவற்றை மைட்டோகாண்ட்ரியா என்று எண்ணிவிடலாம். 1 மைக்ரோலிட்டரை 2 மில்லிலிட்டர் ஊடகத்தில் முதலில் நன்றாகக் கலக்கி, பிறகு ஊற்றுங்கள். ஊடகம் சீரம் இல்லாததாக இருக்கட்டும். சீரம் இருந்தால் சாயம் அதிலுள்ள ஆல்புமின் புரதத்தில் ஒட்டிப் பின்னணியே ஒளிரத் தொடங்கும். கண்ணாடிக் குழலில் ஒளிர்வைச் சோதிக்கும்போதும் ஒரு சிக்கல் உண்டு. நீர் சேர்த்தாலும் ஒளி ஏறவில்லை என்று சாயத்தை ஒதுக்கிவிடாதீர்கள். மின்சுமை கூடிய உப்பு நீரில் ஓரளவு கரையும், திரளாது. அப்போது நீருக்குப் பதில், சாயத்தைக் கரைக்காத திரவமாக டொலுயீனை வைத்துப் பாருங்கள்.

விட்டுக்கொடுக்க வேண்டியவையும் உண்டு. சவ்வு மின்னழுத்தம் ஏறி இறங்குவதை அளக்க இது உதவாது. அழுத்தம் சரிந்தபிறகும் கணிசமாக உள்ளேயே தங்கும். அந்த வேலைக்கு ரோடமின் 123 அல்லது டி.எம்.ஆர்.எம். என்ற சாயம் சரி. பதப்படுத்தலைத் தாங்குமா என்பது செல்லுக்குச் செல் மாறும், முன்பே ஒரு தட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். என் பரிந்துரை ஹீலா போன்ற ஒட்டி வளரும் செல்களுக்கானது. முதன்மை நியூரான்களுக்கு அப்படியே நீட்டத் துணியமாட்டேன்.

எல்லாவற்றையும்விடக் கவனிக்க வேண்டியது, பிரிடினியம் சாயங்கள் ஒளியில், செல்லைக் கெடுக்கும் செயலூக்க ஆக்சிஜனை உண்டாக்கக்கூடும் என்பது. நீண்ட படப்பிடிப்பில் செல் வாடினால் குற்றம் சாயத்தினுடையதா, லேசருடையதா, இரண்டும் சேர்ந்ததா? சாயம் ஏற்றி இருட்டில் வைத்த குழி, சாயம் இல்லாமல் ஒளி பட்ட குழி, இரண்டும் சேர்ந்த குழி என மூன்றையும் ஒரே தட்டில், ஒரே நாளில் வையுங்கள். சாயமில்லாத குழி செல்லின் சொந்த ஒளிர்வையும் காட்டிக்கொடுக்கும்; 405இல் அது சின்ன அளவல்ல.