ரத்தமும் 35 மி.மீ. சுருளும் ஒரு பற்பசைப் பாட்டும்

ஜப்பானிய இயக்குநர் சியோன் சோனோவின் ‘நரகத்தில் ஏன் விளையாடக்கூடாது?’ (2013) படத்தின் முதல் ஒரு மணித்தியாலத்தை வேகமாக ஓட்டித் தள்ளாதீர்கள். சின்னப் பெண் பாடியாடும் பற்பசை விளம்பரப் பாட்டைத் தவறவிட்டால், பகைக் கும்பலின் தலைவன் இகெகாமி பிறகு ஏன் அப்படி உருகுகிறான் என்பது விளங்காது.

யாகூசா எனும் ஜப்பானியக் குற்றக் கும்பலொன்றின் தலைவன் முத்தோவின் மனைவி, தன் புருசனைக் கொல்ல வந்தவர்களை வெட்டியதற்காக 10 வருடம் சிறையிருந்துவிட்டு, இன்னும் 10 நாளில் வெளியே வருகிறாள். அதற்குள், சின்ன வயதில் அந்தப் பற்பசைப் பாட்டைப் பாடிய மகள் நடித்த படம் தயாராக வேண்டும். மகளோ படப்பிடிப்பிலிருந்து ஓடிவிட்டாள். கடைசியில் இரண்டு கும்பலும் மோதும் சண்டையையே படமாக்குகிறார்கள். அதை எடுக்க வரும் இயக்குநர் ஹிராத்தா, ‘ஒரேயொரு மகத்தான படம்’ என்று வருடக்கணக்காகக் கனவு கண்டு எதையும் முடிக்காதவன்.

அவன் 35 மி.மீ. சுருள்தான் வேண்டும் என்கிறான். அந்த வெறியின் அளவு கணக்குத் தெரிந்தால்தான் புரியும்: 400 அடிச் சுருள் நொடிக்கு 24 பிரேமில் ஏறக்குறைய நாலரை நிமிடத்தில் தீர்ந்துவிடும். பிறகு மாற்ற வேண்டும். வாள் வீசுகிறவன் அதற்காகக் காத்திருப்பானா? கும்பல்காரரே லைட்டும் மைக்கும் பிடிக்கும் இடங்கள் வயிறு வலிக்கச் சிரிக்க வைக்கும்.

குறையும் உண்டு. கணினியில் சேர்த்த ரத்தம் சில இடங்களில் ஒட்டவில்லை. நடுவில் வரும் காதல் பகுதி இழுக்கிறது. கையும் தலையும் பறக்கும் படம், பிள்ளைகளோடு பார்க்க வேண்டாம்.

திருகோணமலையில் குறும்படம் எடுக்கும் பெடியளுக்கு இதில் நல்ல பாடம் இருக்கிறது. சண்டை பெரும்பாலும் ஒரே வீட்டுக் கூடத்துக்குள் நடக்கிறது. அதனால் எத்தனை பேர் ஓடினாலும் யார் எந்தப் பக்கம் நிற்கிறார் என்று கண் குழம்பாது. டச்சுக்குடாக் கரையில் இதே சண்டையை வைத்தால், கச்சான் காற்றுக் காலத்தில் காற்றைத் தடுக்கும் மயிர் உறை போடாத மைக்கில் இரைச்சல் மட்டுமே பதியும்.

வீடு நிறைந்த ரத்தத்தில் சிறுமி வழுக்கிப் போகும் காட்சியைப் பார்த்து நீங்களும் போலி ரத்தம் செய்ய ஆசைப்பட்டால்: 2 பங்கு சீனி, 1 பங்கு தண்ணீர், கம்பிப் பதத்துக்கு முன்னரே இறக்கி, ஆறியதும் சிவப்பு நிறமூட்டியும் ஒரு சிட்டிகை கொக்கோவும். கொக்கோ இல்லாவிட்டால் கமராவில் சர்பத் மாதிரித் தெரியும். ஷொட் முடிந்த உடனே சுடுதண்ணீரால் தரையைத் துடையுங்கள். அடுத்த டேக்குக்குள் எறும்பு வந்துவிடும், காய்ந்தால் நடிகரின் செருப்பு ஒட்டும் சத்தமும் பதிவில் கேட்கும்.