தரையில் இறக்கிய அடுப்பா, தூக்கி வைக்கும் அடுப்பா?

ஜப்பானியத் தேநீர் அறையில் தண்ணீர் கொதிக்க இரண்டு ஏற்பாடுகள் உண்டு. தரை முழுக்க விரிக்கும் தத்தாமி என்ற தடித்த பாயில் சதுரமாக இடம் விட்டு, தரைக்குள் இறக்கிக் கட்டுவது ரோ. பாயின் மேல் தூக்கி வைப்பது ஃபுரோ. வெண்கலம், இரும்பு, சுட்ட மண் என்று பல வகை. மரபுப்படி நவம்பர் முதல் ஏப்ரல் வரை ரோ, மே முதல் அக்டோபர் வரை ஃபுரோ. புதிதாக அறை கட்டுகிறவருக்குத்தான் இரண்டும் வேண்டுமா என்ற கேள்வி வரும்.

வசதி மட்டும் பார்த்தால் ஃபுரோதான். தரையில் கை வைக்க வேண்டாம், வாடகை வீட்டுக்கும் சரிவரும். வெயில் காலத்தில் விருந்தினரை விட்டு நெருப்பைத் தள்ளி வைக்கலாம். ஆனால் உள்ளே இருக்கும் சாம்பலைச் சின்னக் கரண்டியால் மலையும் பள்ளத்தாக்கும்போல வழித்துவிட வேண்டும். இதற்குக் கை பழக நாளாகும்.

ரோவுக்கு வேலை தொடக்கத்திலேயே. வழக்கமான அளவு ஏறக்குறைய 42 சென்டிமீட்டர் சதுரம். தரைக்கு அடியில் இடம் ஒதுக்கி, மண் பூசிய பெட்டியை இறக்கி, மேலே மரச் சட்டம் பொருத்துகிறார்கள். சிறிய அறை என்றால் பூச்சில்லாத மரம், பெரிய அறை என்றால் அரக்குப் பூச்சு. எங்கே வெட்டுவது என்பது இன்னும் முக்கியம். உட்காரும் இடம், கை போகும் திசை எல்லாம் அதை வைத்தே அமைகிறது. பதினாறாம் நூற்றாண்டுத் தேநீர் ஆசான் ரிக்யூ அமைத்ததாகச் சொல்லப்படும் தையான் என்ற தேநீர் அறையில் இருப்பது இரண்டே பாய் இடம். அங்கே ரோ மூலையில் இருக்கிறது. அதை ஒட்டிய மூலைத் தூணைக்கூட மண்ணால் பூசி மறைத்திருக்கிறார்கள். கூர்மையான மூலைக்கோடு மறைந்ததும் அந்தச் சிற்றறை விரிந்தாற்போல் தெரிகிறது.

ரோவில் கரியும் பெரிது. குனுகி என்ற கருவாலி வகை மரத்தின் கரியைக் குறுக்கே அறுத்தால், நடுவிலிருந்து வெடிப்புகள் விரிந்து செவ்வந்திப் பூ மாதிரி இருக்கும். பொறி தெறிக்காமலிருக்க அதை முன்கூட்டியே கழுவிக் காயவைக்கிறார்கள். குளிர்காலத்தில் கரி அடுக்கும்போது விருந்தினர் அடுப்பைச் சுற்றி நெருங்கி வந்து பார்ப்பார்கள். ஃபுரோவில் அந்த நெருக்கம் கிடையாது.

மின்சார அடுப்பும் இருக்கிறது. கரி கூடாத கட்டடத்துக்கு உதவும், தண்ணீரும் கொதிக்கும். ஆனால் கரி அடுக்கிக் காட்டும் சடங்கே அதில் இல்லை; எனக்கு அது பெரிய இழப்பு.

ஆகவே கட்டும்போதே ரோவுக்கு இடம் வெட்டிவிடுங்கள், ஃபுரோவை அப்புறம்கூட வாங்கிக்கொள்ளலாம். மே மாதம் வந்தால் வெட்டிய பாயை எடுத்துவிட்டு முழுப் பாயைப் போட்டால் சரி, அடுப்பு இருந்த இடமே தெரியாது.