எண்ணச் சொல்வதா, எடுத்துத் தரச் சொல்வதா? சாப்பாட்டு நேரக் கணக்கு: ஓர் ஒப்பீடு

தட்டில் ஐந்து பிஸ்கட்டை வைத்து "எண்ணு பார்க்கலாம்" என்றால், மூன்று வயதுக் குழந்தைகள் பலரும் விரல் வைத்துச் சரியாகவே எண்ணிவிடுவார்கள். உடனே "அப்போ மொத்தம் எத்தனை?" என்று கேளுங்கள். மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குவார்கள், இல்லையென்றால் வாய்க்கு வந்த எண்ணைச் சொல்வார்கள். கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்பது இன்னும் பிடிபடவில்லை. எண்ணச் சொல்வதால் எண்வரிசை மனதில் பதியும், ஒரு பொருளை இருமுறை தொடாத பழக்கமும் வரும். அதற்கு மேல் அதில் பெரிதாக ஒன்றும் இல்லை.

"எனக்கு மூணு எடுத்துக் கொடு" என்பது வேறு ரகம். எங்கே நிறுத்துவது என்று குழந்தையே முடிவு செய்தாக வேண்டும். ஐந்து வரை தடுமாறாமல் எண்ணும் குழந்தை, மூன்று கேட்டால் ஒரு கை அள்ளி நீட்டுவது சகஜம். உளவியலாளர் கேரன் வின் 1990-களின் தொடக்கத்தில் வெளியிட்ட ஆய்வுகள் இதைத் தெளிவாகக் காட்டின: குழந்தைகள் முதலில் ஒன்றின் பொருளை அறிகிறார்கள், பல மாதம் கழித்து இரண்டு, பிறகு மூன்று. அதன்பின்தான் எண்ணுவதன் சூட்சுமம் மொத்தமாகப் புரிகிறது.

அதனால் ஒன்றில் தொடங்குங்கள். வெவ்வேறு நாட்களில் சரியாகத் தந்தால் மட்டும் அடுத்த எண்ணுக்குப் போங்கள். கிண்ணத்தில் கேட்பதைவிட இரண்டு மடங்காவது இருக்கட்டும். மூன்றே இருந்தால் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டுச் சரியாகச் செய்ததுபோல் தோன்றும். தப்பாகத் தந்தால், தந்ததை வரிசையாக வைத்துச் சேர்ந்து எண்ணி, "நாலு இருக்கே, நான் மூணுதானே கேட்டேன், என்ன பண்ணலாம்?" என்று விட்டுவிடுங்கள். திருப்பி வைப்பது அவர்கள் வேலை. பசியோடு இருக்கும்போது இதைத் தொடங்கவே வேண்டாம், பாதி வயிறு நிறைந்த பிறகு கேளுங்கள். சரியாகச் சொன்னால்தான் தின்பண்டம் என்ற பேரமும் கூடாது. குழந்தையின் கவனம் எண்ணை விட்டுத் தின்பண்டத்துக்குப் போய்விடும்.

எண்களே தெரியாத இரண்டு வயதுக்கு ஆளுக்கொரு கரண்டி வைக்கச் சொல்வதுதான் பொருத்தம். ஒவ்வொரு தட்டுக்கும் ஒன்று என்பதற்கு எண் பெயர் தேவையில்லை. பழகியதும் வேண்டுமென்றே ஒரு கரண்டியைக் குறைத்துக் கொடுத்துப் பாருங்கள். நான்கு வயதுக்கு மேல், தட்டுகளைப் பார்த்துவிட்டு அடுத்த அறையிலிருந்து தேவையான கரண்டிகளை ஒரே நடையில் கொண்டுவரச் சொல்லலாம். எடுத்துத் தரும் பயிற்சியின் கடினமான வடிவம் இதுதான்.

வெட்டிப் பங்கிடுவதைப் பலர் சீக்கிரமே தொடங்கிவிடுகிறார்கள். ஒரு ரொட்டித் துண்டை நான்காக வெட்டினால் சின்னக் குழந்தைக்கு அது நான்கு ரொட்டி; முழுசாக இருந்ததைவிட அதிகம். உடைந்த துண்டையும் முழுப்பொருளாக எண்ணுவது அந்த வயதின் இயல்பு. முதலில் குவியலிலிருந்து உனக்கொன்று எனக்கொன்று என்று பங்கு போடட்டும். பாதி, கால் எல்லாம் பிறகு. வெட்டும்போது கண்ணெதிரே வெட்டி, துண்டுகளை மறுபடி ஒட்டி வைத்துக் காட்டுங்கள்.

இதே காரணத்தால் திராட்சை எண்ணுவதற்கு உதவாது. ஐந்து வயதுக்குட்பட்டவர்களுக்கு அது தொண்டையில் சிக்காதபடி நீளவாக்கில் நான்காக நறுக்க வேண்டும். மூன்று பழம் பன்னிரண்டு துண்டாகிவிடும். முழுக் கொட்டைப் பருப்புகளை இந்த வயதில் தரவே கூடாது. மெல்லிய வாழைப்பழ வில்லைகளோ வாயில் எளிதில் கரையும் சிறு பிஸ்கட்டுகளோ போதும்.

தண்ணீர் ஊற்றி அளப்பது விளையாட்டாக நடக்கட்டும். அகலமான டம்ளரில் இருந்த தண்ணீரை ஒடுங்கிய உயர டம்ளருக்கு மாற்றினால், இதில்தான் அதிகம் இருக்கிறது என்று நான்கு வயதுக் குழந்தை அடித்துச் சொல்லும். விளக்கிப் பயனில்லை. பழைய டம்ளரிலேயே திரும்ப ஊற்றிப் பார்க்க விடுங்கள்.