மெல்லிய மேடையில் இண்டக்‌ஷன் ஹாப்: நான்கு வழிகளில் எது தாங்கும்?

மாடுலர் கிச்சனில் இண்டக்‌ஷன் ஹாப் (மேடைக்குள் இறக்கும் மின் அடுப்பு) பதிக்க நினைப்பவர்கள் எத்தனை பர்னர், எத்தனை வாட் என்று பார்ப்பதற்கு முன்னால் மேடைக் கல்லின் கனத்தை அளந்துவிட வேண்டும். பில்லில் 20 மி.மீ. கிரானைட் என்று இருக்கும். வெர்னியர் அளவி வைத்தால் 16, 17 காட்டுவது சாதாரணம். இப்போது பரவலாக வரும் சின்டர்டு ஸ்டோனும் (தாதுப்பொடியை அழுத்திச் சுட்ட பலகை) காம்பாக்ட் லேமினேட்டும் (ரெசின் ஊறிய தாள்களை அழுத்திச் செய்த பலகை) பெரும்பாலும் 12 மி.மீ.தான். ஹாப் கையேடுகளோ குறைந்தபட்சம் 16 அல்லது 20 மி.மீ. கேட்கின்றன; 30 கேட்கும் மாடல்களும் உண்டு.

கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. ஹாப்பை இழுத்துப் பிடிக்கும் கிளாம்ப் ஒரு குறிப்பிட்ட கனத்துக்குத்தான் கடிக்கும். பெரிய குக்கரில் தண்ணீர், அரிசி எல்லாம் சேர்ந்த எடை ஓட்டையைச் சுற்றியுள்ள குறுகிய கல் பட்டைகளில் இறங்கும். ஹாப்பின் உடல் கண்ணாடிக்குக் கீழே சுமார் 50 மி.மீ. இறங்குவதால், மேடை எவ்வளவு மெல்லியதோ அவ்வளவுக்கு அது அலமாரிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். ஆக, வழியைத் தேர்ந்தெடுக்கும்போது கேட்க வேண்டியவை இரண்டு: எடை எங்கே போகிறது, காற்று எங்கே போகிறது?

சிமென்ட் ஸ்லாப் மேல் கிரானைட் ஒட்டிய பழைய மேடைகளுக்கு இந்த அலசல் பொருந்தாது. அங்கே கனம் போதும். கம்பி ஓடும் கான்கிரீட்டை வெட்டுவதுதான் பிரச்சினை. அதில் கை வைக்காமல் மேலே வைக்கும் அடுப்போடு நிற்பது நல்லது.

மேலே உட்காரும் ஹாப், அடியில் ப்ளைவுட்

மெல்லிய மேடைக்கு எங்கள் முதல் தேர்வு இதுதான். ஓட்டை வழியாக ஹாப்பை இறக்கினால் கண்ணாடி விளிம்பு கல்லின் மேல் உட்கார்ந்துகொள்ளும். 60 செ.மீ. ஹாப்களுக்கு ஓட்டை பெரும்பாலும் 560 × 490 மி.மீ., கண்ணாடி சுமார் 590 × 520. இந்த ஓட்டை அளவு பல கம்பெனிகளுக்குப் பொதுவானது என்பதால், எட்டு வருடம் கழித்து வேறு ஹாப் வாங்கினாலும் கல்லைத் தொட வேண்டியிருக்காது.

12 மி.மீ. கல்லுக்கு அடியில் 18 மி.மீ. பிடபிள்யூபி ப்ளை, அதாவது ஐஎஸ் 710 முத்திரை உள்ள, கொதிநீரும் தாங்கும் ப்ளைவுட், கொடுத்தால் மொத்தம் 30 ஆகிவிடும். 16 மி.மீ. கிரானைட்டுக்கு 12 மி.மீ. ப்ளை போதும். எம்டிஎஃப், பார்ட்டிகிள் போர்டு போன்ற மரத்தூள் பலகைகள் வேண்டவே வேண்டாம். பொங்கி வழிந்த பால் ஒருமுறை இறங்கினாலே உப்பிவிடும்.

ப்ளையை எங்கே கொடுப்பது என்பதில்தான் நிறைய வேலைகள் தவறுகின்றன. ஓட்டையைச் சுற்றி 60 மி.மீ. அகலச் சட்டம் அடித்தால் போதும் என்பார் ஆசாரி. 600 மி.மீ. அலமாரியின் இரு பக்கப் பலகைகளும் 18 மி.மீ. என்றால் உள் அகலம் 564 மட்டுமே. ஓட்டை 560. பக்கத்துக்கு 2 மி.மீ.தான் மிச்சம், சட்டம் நுழைய இடமே கிடையாது. அலமாரி 750 அல்லது 900 ஆக இருந்தால் சட்டம் பொருந்தும். 600 என்றால் அலமாரி வரிசை முழுவதற்கும் மேலே ஒரே ப்ளைத் தளம் விரித்து, அதில் ஓட்டை போட்டு, அதன் மேல் கல் இடுவதே சரி. எடை நேராகப் பக்கப் பலகைகள் வழியே தரைக்குப் போய்விடும். முன்விளிம்பில் தெரியும் ப்ளையை அதே கல்லின் பட்டையால் 45 டிகிரி சேர்ப்பில் மூடிவிடலாம். மேடை உயரம் 18 மி.மீ. கூடும் என்பதை அலமாரி ஆர்டர் கொடுக்கும்போதே சொல்லிவிட வேண்டும்.

ஒட்டுவதற்குக் கிரானைட், சின்டர்டு இரண்டுக்கும் இரு பகுதி எபாக்ஸி. காம்பாக்ட் லேமினேட்டுக்கு மட்டும் எபாக்ஸி கூடாது; ஈரப்பதத்துக்கு ஏற்ப அது நீண்டு சுருங்கும் என்பதால் வளைந்து கொடுக்கும் பாலியூரிதேன் பசை வேண்டும். ப்ளையின் வெட்டுமுகம் நான்கிலும் இரண்டு கோட் வார்னிஷ், அதன் மேல் அலுமினிய டேப்.

வெட்டுவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கல் உடைவது பெரும்பாலும் அங்கேதான். கிரைண்டர் பிளேடை மூலையைத் தாண்டி ஓடவிட்டு இரண்டு கோடுகளைச் சந்திக்க வைப்பது வழக்கமான தவறு. அந்தக் கூர் மூலையிலிருந்து மயிரிழை விரிசல் கிளம்பும். முதல் நாள் கண்ணுக்குத் தெரியாது, சூடு ஏறி இறங்கும் சில மாதங்களில் முன்விளிம்பு வரை ஓடிவிடும். முதலில் நான்கு மூலையிலும் 10 முதல் 12 மி.மீ. கோர் பிட்டால் (வட்டத் துளை போடும் குழல் பிட்) துளை போட்டு, துளையிலிருந்து துளைக்குத்தான் நேர்வெட்டு. நான்காவது பக்கத்தை வெட்டுவதற்கு முன் நடுத்துண்டுக்கு அடியில் மரக்கட்டை முட்டுக் கொடுக்க வேண்டும். முட்டு இல்லாமல் துண்டு தொங்கினால், கடைசி இரண்டு அங்குலத்தை பிளேடு வெட்டுவதற்குள் கல் தானே பிய்த்துக்கொண்டு முன்பட்டையையும் சேர்த்து இழுத்துவிடும். 610 மி.மீ. ஆழ மேடையில் பின்சுவரிலிருந்து 50 விட்டு 490 வெட்டினால் முன்னால் 70 மி.மீ. பட்டைதான் மிஞ்சும், மேடையிலேயே பலவீனமான இடம் அது. சின்டர்டு ஸ்டோனை வீட்டில் வெட்டச் சம்மதிக்காதீர்கள். சுட்ட பலகைக்குள் இழுவிசை தங்கியிருப்பதால் வாட்டர்ஜெட் (நீர்ப்பாய்ச்சல் வெட்டு) அல்லது சிஎன்சி (கணினி இயக்கும் வெட்டு இயந்திரம்) உள்ள பட்டறையில்தான் வெட்ட வேண்டும். எந்தக் கல்லானாலும் தண்ணீர் விட்டு வெட்டுவதும், வெட்டுபவர் முகக்கவசம் அணிவதும் கட்டாயம். சிலிக்கா தூசி நுரையீரலைக் கெடுக்கும், குவார்ட்ஸ் தூளை ரெசினில் சேர்த்துச் செய்த குவார்ட்ஸ் பலகையில் அந்த ஆபத்து இன்னும் அதிகம்.

ஹாப்பை இறக்கும்போது கண்ணாடிக்கு அடியில் சிலிக்கான் பூசக் கூடாது. கூட வரும் ஃபோம் டேப்பே போதும். சிலிக்கான் போட்டால் சர்வீஸுக்குக் கழற்றும் நாளில் கண்ணாடியில் விரிசல் விழலாம்.

கல்லோடு சமமாகப் பதிப்பது

பார்க்க அழகு, துடைக்க எளிது. ஆனால் 12 மி.மீ. கல்லில் கணக்கு உதைக்கிறது. கண்ணாடி 4 மி.மீ., டேப்புக்கு 1 முதல் 2. ஆக 5, 6 மி.மீ. ஆழத்துக்குக் கல்லைச் செதுக்க வேண்டும். மிஞ்சுவது 6 மி.மீ. கனமும் 15 மி.மீ. அகலமும் உள்ள ஒரு படி. அதன் மேல் குக்கர் எடை முழுவதும் உட்காரும். கிரானைட்டில் அந்தப் படி சில்லுச் சில்லாகப் போகும். காம்பாக்ட் லேமினேட் இழைவலு உள்ளது என்பதால் தாங்கலாம், ஹாப் கையேடு அனுமதித்திருந்தால்.

சமமட்டம்தான் வேண்டும் என்றால் படி செதுக்காமல், கண்ணாடியைவிடப் பக்கத்துக்கு 2 மி.மீ. பெரிதாகக் கல்லை முழுவதும் வெட்டி, கண்ணாடியை அடியில் உள்ள ப்ளைத் தளத்தில் பட்டை வைத்து நிறுத்துவது மேல். எடை கல்லுக்கு வராது. சுற்றிலும் வெப்பம் தாங்கும் சிலிக்கான் நிரப்ப வேண்டும். அது பிரிந்தால் தண்ணீர் நேராக ப்ளைக்குள் இறங்கும். அடுத்த முறை அதே வெளியளவில் ஹாப் கிடைக்காவிட்டால் மேடையையே மாற்ற வேண்டியிருக்கும். சொந்த வீடு, நல்ல பட்டறை, சிஎன்சி வெட்டு மூன்றும் அமைந்தால் மட்டும் இதை யோசிக்கலாம்.

கல்லுக்கு அடியில் மறைந்திருக்கும் காயில்

காயில் (பாத்திரத்தைச் சூடாக்கும் கம்பிச் சுருள்) கல்லுக்கு அடியில் போகும்; ஓட்டையே வேண்டாம், 12 மி.மீ. சின்டர்டு கல்லே அடுப்பு என்கிறார்கள். காயிலுக்கும் பாத்திரத்துக்கும் இடைவெளி கூடக் கூட காந்தப்புலத்தின் பிடி குறையும், 4 மி.மீ. கண்ணாடிக்கும் 12 மி.மீ. கல்லுக்கும் உள்ள வித்தியாசம் கொதிக்கும் நேரத்தில் தெரிந்துவிடும். பாத்திரச் சூடு கல்லில் திரும்ப இறங்காமலிருக்க நடுவே பாய் போட வேண்டும். அரை மணி நேரம் தோசைக்கல் காயும் நம் சமையலுக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டோம். குவார்ட்ஸில் நினைத்தும் பார்க்கக் கூடாது. 150 டிகிரியைத் தாண்டினால் அதன் ரெசின் நிறம் மாறும்.

வெட்டாமல் மேலே வைக்கும் அடுப்பு

வாடகை வீடு, ஏற்கெனவே ஒட்டிய 12 மி.மீ. மேடை, அடியில் ப்ளை இல்லை என்றால் இதுதான் விடை. 2,000 வாட் அடுப்பு 230 வோல்ட்டில் 8.7 ஆம்பியர் இழுக்கும்; 16 ஆம்பியர் பிளக் போதும். குறை உயரம்தான். மேடைக்கு மேல் 60, 70 மி.மீ. ஏறுவதால் பெரிய பாத்திரத்தில் கிளறும்போது தோள் தூக்கும். அடியில் துணியோ பிளாஸ்டிக் விரிப்போ போட்டால் காற்று உறிஞ்சும் வழி அடைபட்டு அடுப்பு தானே அணைந்துவிடும்.

காற்றும் கரண்டும்

பதிக்கும் ஹாப் எதுவானாலும், மேடையின் மேல்மட்டத்திலிருந்து முதல் டிராயரின் மேல்விளிம்பு வரை குறைந்தது 65 மி.மீ. விடுங்கள், உங்கள் கையேடு அதிகம் கேட்டால் அதன்படி. அலமாரியின் பின்பலகைக்கும் சுவருக்கும் 20 மி.மீ. இடைவெளி இருந்தால்தான் விசிறிக்குக் குளிர்ந்த காற்று வரும். அந்த வழியே கரப்பானும் வரும், ஹாப்பின் மின்போர்டில் கூடு வைத்து ஷார்ட் ஆக்கும். பின்திறப்பில் ஸ்டெயின்லெஸ் வலை அடித்து, எண்ணெய்ப் பிசுக்கு ஏறாமல் அவ்வப்போது துடைக்க வேண்டும்.

இரண்டு பர்னர், 3,500 வாட் ஹாப் 15 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். 16 ஆம்பியர் பிளக்கில் செருகித் தினமும் ஒரு மணி நேரம் ஓட்டினால் பிளக்கின் முனைகள் சூடேறி சாக்கெட் உருகக்கூடும். 4 சதுர மி.மீ. செம்பு ஒயர், 20 ஆம்பியர் எம்சிபி (மிகை மின்னோட்டத்தில் தானே துண்டிக்கும் சுவிட்ச்), டிபி சுவிட்ச் (ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்துத் துண்டிப்பது) வழியாக நேரடி இணைப்பு என்று தனி லைன் கொடுங்கள். நான்கு பர்னர், 7,200 வாட் என்றால் 6 சதுர மி.மீ., 32 ஆம்பியர். வீட்டின் அனுமதிக்கப்பட்ட மின்சுமை அதற்கு இடம் தருகிறதா என்பதைக் கல் வெட்டுவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். இரண்டுக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு ஏற்பட்டால் துண்டிக்கும் சுவிட்ச்) அவசியம். டிபி சுவிட்சை ஹாப்புக்கு நேர் பின்சுவரில் வைக்காமல், கொதிக்கும் பாத்திரத்தைத் தாண்டாமல் கை எட்டும்படி பக்கவாட்டில் வையுங்கள்.